முதலில் வண்டி எங்கே நிற்கும், அதைச் சொல்லுங்கள்

கேள்வி:

அண்ணா, வணக்கம். எனக்கு ஓசூரில் வேலை. நாங்கள் எட்டுப் பேர் ஆறு வருடமாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றில் பாறை ஏறுகிறோம். குண்டுக்கற்களில் மட்டும் 60 ப்ராப்ளத்துக்கு (கயிறில்லாமல் ஏறும் குறுகிய வழி) மேல் கண்டுபிடித்திருக்கிறோம். கிழக்கு முகத்தில் போல்ட் அடித்து, கயிற்றோடு ஏறும் 11 ரூட். போன வருடம் எங்களில் ஒருவர், பெங்களூரில் ஐடியில் இருப்பவர், இன்ஸ்டாகிராமில் லொகேஷனைப் போட்டுவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாற்பது ஐம்பது பேர் வருகிறார்கள். முழு டோப்போவையும் (எந்தப் பாறையில் எந்த வழி, எவ்வளவு கடினம், எங்கே போல்ட் என்று வரைந்து காட்டுவது) வெளியிட வேண்டும், ஜனவரியில் விழா நடத்த வேண்டும், ஒரு கம்பெனி பணம் தரத் தயார் என்கிறார் அவர். அந்த ஊரிலேயே பிறந்த இன்னொரு நண்பர், ஒரு எழுத்துகூட வெளியே போகக் கூடாது என்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் ராத்திரியோடு ராத்திரியாக நாலு ரூட்டில் நடுவில் இருந்த ஹேங்கர்களை (கயிறு மாட்டப் போல்டில் பொருத்தும் தகடு) கழற்றிவிட்டார். உச்சியில் கயிறு மாட்டும் ஆங்கர் அப்படியே இருக்கிறது. வாட்ஸ்அப் குழு இரண்டாகிவிட்டது. இருவருமே எனக்கு வேண்டியவர்கள். டோப்போ போடலாமா? முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? ஹேங்கர் கழற்றியவரை என்ன செய்வது?

பின்குறிப்பு: ஒரு குண்டுக்கல்லின் அடியில் வெள்ளையாகச் சில கோட்டு உருவங்கள் இருக்கின்றன. ஆடு மேய்க்கிற பையன்கள் கிறுக்கியது என்கிறார்கள். எங்களிடம் இருப்பதிலேயே நல்ல ப்ராப்ளம் அது.

பதில்:

தம்பி, ஊர்ப் பெயரை உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். இங்கே அதை அச்சிட்டால் உங்கள் சண்டையில் நானும் ஒரு கட்சியில் சேர்ந்ததாகிவிடும்.

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். என் தூக்கத்தைக் கெடுத்தது அந்தப் பின்குறிப்புதான், அதிலிருந்தே தொடங்குகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாறை ஓவியங்கள் பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் இருப்பவை. மல்லப்பாடிக்குப் போயிருக்கிறீர்களா? குதிரை மேல் ஆள் உட்கார்ந்திருக்கும் உருவங்கள் முதல் பார்வைக்குப் பிள்ளைகள் கிறுக்கியது போலத்தான் தெரியும். மயிலாடும்பாறையிலும் வெள்ளைதான். விழுப்புரம் பக்கம் கீழ்வாலையில் சிவப்பு, அதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. உங்கள் பக்கத்தின் தொல்லை என்னவென்றால், ஓவியமும் வெள்ளை, பிடி வழுக்காமல் இருக்க நாம் கையில் பூசிக்கொள்கிற சாக் பவுடரும் வெள்ளை. ஒருவர் வியர்த்த கையோடு அந்த விளிம்பைப் பிடிப்பார். அடுத்து வருகிறவர், நல்ல பிள்ளையாக, பிரஷ் எடுத்துச் சாக்கைத் தேய்ப்பார். தேய்ந்துபோவது சாக்கா, எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு மனிதன் குழைத்துப் பூசியதா என்று அவருக்குத் தெரியாது.

ஆகவே அந்தக் கல்லில் இன்றிலிருந்து யாரும் ஏற வேண்டாம். உருவம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று தண்ணீர் தெளித்துப் படம் எடுக்காதீர்கள், பலர் செய்கிற தவறு அது. உலர்ந்தபடியே, பக்கத்தில் ஒரு அடிக்கோலை வைத்து நாலு படம் எடுத்துக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் கொடுங்கள். கிறுக்கல்தான் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது, பிறகு ஏறிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் டெக்சாஸில் ஹுவேகோ டாங்க்ஸ் என்று ஒரு இடம். குண்டுக்கல் ஏறுகிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் அங்கே போவார்கள். அங்கேயும் பாறை ஒதுக்குகளில் பழங்குடிகள் தீட்டிய முகமூடி உருவங்கள் இருக்கின்றன. கூட்டம் பெருகி, 1998-இல் பூங்கா நிர்வாகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒரு மலைக்கு மட்டும் நாளொன்றுக்கு 70 பேர் தாங்களாகப் போகலாம், மற்ற மலைகளுக்கு வழிகாட்டியோடுதான். அப்போது நம் ஆட்கள் கத்தினார்கள். இப்போது முன்பதிவு செய்துகொண்டு ஏறுகிறார்கள்.

அடுத்து, உரிமை யாருக்கு என்ற கேள்வி. உங்கள் கடிதத்தில் ரூட் கணக்கு இருக்கிறது, ப்ராப்ளம் கணக்கு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் கணக்கும் இருக்கிறது. ஊரில் எத்தனை வீடு, குன்றுக்குப் போகும் பாதை யாருடைய நிலம் வழியாகப் போகிறது, அந்தக் குன்றின் மேல் சாமி இருக்கிறதா, கார்த்திகைக்கு உச்சியில் தீபம் ஏற்றுகிறார்களா, ஒன்றும் இல்லை. கண்டுபிடித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கண்டுபிடித்தது கைப்பிடிகளை. கல்லை ஊர்க்காரர்கள் எப்போதோ பார்த்துவிட்டார்கள்.

இதை உபதேசமாகச் சொல்லவில்லை, நான் பட்டதைச் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு முன், ஒரு ஊரின் குன்றுக்கு நானே கையால் வரைபடம் வரைந்து நகல் எடுத்துக் கொடுத்தேன். புளியமரத்தில் இடது பக்கம் திரும்பவும், கிணற்றைத் தாண்டி வரப்பில் நடக்கவும் என்று அழகாக எழுதியிருந்தேன். மறு வருடம் போனபோது வரப்பு முடிகிற இடத்தில் முள்வேலி போட்டுப் பூட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டி வெங்காயத் தாளைக் கட்டிக்கொண்டிருந்தார். பூட்டைக் காட்டி என்னவென்று கேட்டேன். "உங்க ஆளுங்கதான் கெணத்துல எறங்கி வெள்ள மாவக் கழுவுறாங்க. நாங்க குடிக்கிற தண்ணி அது" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. கிணறு என்று நான் எழுதியது வழி அடையாளத்துக்காக. படித்தவர்களுக்கு அது கை கழுவுகிற இடமாகப் பட்டிருக்கிறது. அந்தக் குன்றில் அதற்குப் பிறகு நான் ஏறியதில்லை.

ஆக, எட்டுப் பேரும் கூடிப் பேசுவதற்கு முன்னால், நீங்களும் ஊர்க்கார நண்பரும் மட்டும் கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பாருங்கள். அந்தக் குன்றின் புல எண்ணைக் கேட்டு, 'அ' பதிவேட்டில் (ஊர் நிலங்களின் வருவாய்க் கணக்கு) எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். மலைப் புறம்போக்கா, கல்லாங்குத்தா, யாராவது ஒருவரின் பட்டா நிலமா, காப்புக்காட்டு எல்லைக்குள் வருகிறதா. இதில் எது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். காப்புக்காடு என்றால் உங்கள் 11 ரூட்டும் விவாதத்துக்கே வராது, அனுமதியில்லாமல் உள்ளே காலெடுத்து வைப்பதே வனச் சட்டப்படி குற்றம். குரங்கணியை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் அந்த மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதே வருடம் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. முறையாக நடத்தியவர், நடத்தாதவர் என்று பார்க்காமல் காட்டுக்குள் நடப்பது எல்லாருக்குமே கடினமாயிற்று. விபத்து நடந்த இடத்தில் முதலில் கேட்கப்படுவது யார் அனுமதி கொடுத்தார்கள் என்பதுதான். உங்கள் இன்ஸ்டாகிராம் நண்பரிடம் அதற்குப் பதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

புறம்போக்கு என்று வந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம் என்று நினைக்காதீர்கள். ரகசியக் கட்சிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் குன்றை விழுங்குவது ஏறுகிறவனின் சாக் பவுடர் அல்ல. கிரானைட் குவாரி. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற வழியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், பாதியாக அறுத்து நிற்கிற குன்றுகள் எத்தனை என்று. அரசு நிலத்துக் கல்லைக் குத்தகைக்கு விடும்போது, அங்கே என்ன இருக்கிறது என்று எவரும் எழுதி வைக்காத குன்றுதான் சுலபமாகப் போகும். யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தால் காப்பாற்றிவிடலாம் என்பது பாதி உண்மை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திடமிருந்து காப்பாற்றலாம், வெடிமருந்திடமிருந்து முடியாது.

மதுரை பக்கம் அரிட்டாப்பட்டியைப் பாருங்கள். தமிழிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் குடைவரை, ஏரிகள், பாறையில் கூடு கட்டும் வல்லூறுகள் என்று ஒவ்வொன்றாக ஊர்க்காரர்களும் பறவை பார்ப்பவர்களும் வருடக்கணக்காக எழுதி வைத்தார்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக சுமார் 193 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டது. 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று வந்தபோது எதிர்த்து நிற்க அவர்கள் கையில் அந்த அறிவிப்பு இருந்தது. ஊர் ஊராகத் திரண்டார்கள், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எழுதியிருந்ததால் மட்டும் அந்த மலை பிழைத்தது என்று சொல்ல மாட்டேன், மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஆனால் இறங்கியவர்கள் கையில் காட்டுவதற்குக் காகிதம் இருந்தது.

இனி டோப்போ. போடலாம். லொகேஷன் ஏற்கெனவே வெளியே போய்விட்டது, அதை இனி யாராலும் திரும்ப வாங்க முடியாது. இப்போது வருகிற ஐம்பது பேரிடம் மேப்பில் ஒரு புள்ளி இருக்கிறது, ஒரு விதிகூட இல்லை. அதுதான் இருப்பதிலேயே மோசமான நிலைமை. ஆனால் உங்கள் பெங்களூர் நண்பர் மனதில் இருக்கும் டோப்போ வேறு, நான் சொல்வது வேறு. முதல் பக்கத்தில் பாறையே வரக் கூடாது. வண்டி எங்கே நிற்கும் என்று வர வேண்டும். களத்தில் நிறுத்தாதே என்று வர வேண்டும். உங்கள் பக்கம் மார்கழி, தை மாதங்களில் களத்தில் கேழ்வரகு கிடக்கும். பெங்களூரிலிருந்து வருகிறவருக்கு அது காலியாகக் கிடக்கும் சமதளம், அவ்வளவுதான். மாந்தோப்பு வழியாகப் போகாதே, பூக்கிற மாதங்களில் சுத்தமாகப் போகாதே. கிணற்றைத் தொடாதே. எங்கே ஒதுங்குவது, ஒதுங்கிய பிறகு என்ன செய்வது. எந்த நாட்களில் வரவே கூடாது. இவற்றையெல்லாம் ஊரில் கேட்டு, ஊர் சொன்னதை ஊர் சொன்னபடி எழுதுங்கள். அதன் பிறகு குண்டுக்கற்களுக்கு வாருங்கள். அறுபதையும் போட வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பாதைக்குப் பக்கத்தில், பாட் (விழுந்தால் தாங்கும் மெத்தை) விரித்தால் நசுங்க அடியில் செடியே இல்லாத இருபதைப் போடுங்கள். கூட்டம் எழுதியிருக்கும் இடத்துக்குத்தான் போகும். இது ஏமாற்று வேலை அல்ல, கூட்டத்தை எங்கே நடக்க வைப்பது என்று நாம் தீர்மானிக்கிற ஒரே வாய்ப்பு.

கிழக்கு முகத்தைப் பற்றி இன்னொரு கேள்வி எனக்கு இருக்கிறது. அதில் எங்காவது பாறையில் வெள்ளையாக ஒழுகின கறை, ஒரு விளிம்புக்குக் கீழே நீளமாகக் கோடு இறங்கியது போல, தெரிகிறதா? அது சாக் அல்ல, எச்சம். மேலே கூடு இருக்கும். கொம்பன் ஆந்தையோ, வல்லூறோ, ராசாளியோ. நமக்கு ஏறுவதற்கு நல்ல காலம் கார்த்திகையிலிருந்து மாசி வரை, பாறை குளிர்ந்து கை ஒட்டும். அந்தப் பறவைகளுக்கும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க அதே மாதங்கள்தான் வாய்த்திருக்கின்றன. அங்கேதான் தகராறு. கயிற்றோடு ஒருவன் கூட்டுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் தொங்கினால் தாய்ப் பறவை வராது, முட்டை குளிர்ந்துவிடும். பெங்களூருக்குப் பக்கத்திலேயே ராமநகரத்தில் ராமதேவர பெட்டா 2012-இல் பாறுக் கழுகுகளுக்கான சரணாலயமானது. பல வருடம் நாம் ஏறிப் பழகிய பாறைகள் அவை. கழுகு அதற்கும் முன்னாலிருந்தே இருந்தது. கறை இருந்தால் அந்த முகத்தின் அந்தப் பகுதியைப் பங்குனி முடியும் வரை மூடிவிடுங்கள், டோப்போவில் அந்த ரூட்டுகளைச் சேர்க்கவே வேண்டாம். தொங்கல் பாறைக்கு அடியில் மலைத்தேனீ அடை கட்டியிருந்தால் நான் சொல்லாமலே மூடிவிடுவீர்கள் என்று நம்புகிறேன். ஆந்தையால் ஓட மட்டும்தான் முடியும், தேனீ துரத்தும்.

ஹேங்கர் விஷயத்துக்கு வருகிறேன். ஊர்க்கார நண்பரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, செய்ததில் இல்லை. காரணம் ஒழுக்கம் அல்ல, உயிர். ஆங்கரை மேலே விட்டுவிட்டு நடுவில் மட்டும் கழற்றியிருக்கிறார். கீழே நிற்கிறவன் அண்ணாந்து பார்ப்பான், உச்சியில் சங்கிலி பளபளக்கும், ரூட் இருக்கிறது என்று ஏறுவான். மூன்றாவது போல்டைத் தாண்டிப் போன பிறகுதான் அடுத்த ஹேங்கர் இல்லை, துருத்திக்கொண்டு நிற்கும் வெறும் தண்டு மட்டும்தான் என்று தெரியும். அங்கிருந்து இறங்குவதும் ஆபத்து. தண்டில் ஏதாவது கம்பியைச் சுற்றிக் கோக்கிறவனையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த வாரமே, யார் சரி யார் தப்பு என்று பேசாமல், நாலு ரூட்டின் முதல் போல்டிலும் சிவப்புத் துணி கட்டி, மூடப்பட்டது என்று எழுதித் தொங்கவிடுங்கள். மேலே இருக்கும் ஆங்கரின் சங்கிலிகளையும் கழற்றிவிடுங்கள். ஒன்று எல்லாம் இருக்க வேண்டும், இல்லை எதுவும் இருக்கக் கூடாது.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. போல்ட் 8 மில்லி, 13 நம்பர் ஸ்பேனர் இருந்தால் யாரும் கழற்றிவிடலாம். துத்தநாகப் பூச்சுப் பூசிய சாதாரணத் தண்டு, ஹார்டுவேர் கடையில் கிடைப்பது. அதன் மேல் ஸ்டெயின்லெஸ் ஹேங்கர் மாட்டியிருக்கிறீர்கள். இரண்டு வேறு உலோகம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் தண்டு வேகமாக அரிக்கும், அதுவும் பாறைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஹேங்கரைத் திருப்பி மாட்டுவதா வேண்டாமா என்று நீங்கள் அடித்துக்கொள்ளும் அந்த ரூட்டுகளில் என் மாணவர்கள் யாரையும் நான் விட மாட்டேன். திரும்ப அடிப்பதென்றால் குறைந்தது 10 மில்லி, தண்டு, நட்டு, ஹேங்கர் மூன்றும் ஒரே தர ஸ்டெயின்லெஸ், ஏற்றத்துக்கென்று தயாரானது, ஈஎன் 959 முத்திரை உள்ளது. அதற்குப் பணம் வேண்டும் என்றால் கம்பெனியிடம் கேளுங்கள். விழாவுக்குத் தருகிறவர்கள் போல்டுக்குத் தருகிறார்களா என்று பார்ப்போம்.

நீங்கள் ஒருவருக்கொருவர் கழற்றிக்கொண்டே போனால் முடிவு என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் வயோமிங்கின் டென் ஸ்லீப் பள்ளத்தாக்கு இருக்கிறது. பாறையைக் குடைந்தும் பசை பூசியும் கைப்பிடி உண்டாக்கி ரூட் போட்டார்கள் என்று ஒரு தரப்பு மீது புகார். 2019 கோடையில் எதிர்த் தரப்பில் யாரோ போல்டுகளை வெட்டி, குடைந்த துளைகளை அடைத்து, சில ரூட்டுகளின் முதல் போல்டில் சிவப்புப் பூட்டு மாட்டினார்கள். வனத்துறை வந்தது, பஞ்சாயத்துப் பேசவில்லை. புது ரூட் எதுவும் யாரும் போடக் கூடாது என்று இரண்டு தரப்புக்கும் சேர்த்தே தடை போட்டுவிட்டது.

ஜனவரி விழா வேண்டாம். களத்தில் கேழ்வரகு, பாறையில் குஞ்சு, ஊரில் பொங்கல், அதற்கு நடுவில் உங்கள் மைக் செட். கம்பெனி பணம் கொடுத்தால் பேனர் கேட்கும், பேனர் கட்ட மரத்தைத் தேடும். அது போக, கூட்டத்தை நம்பி ஊரில் நாலு பேர் கடை போட்டுவிட்டால் நாளைக்கு இடம் மூடப்படும்போது அடிபடுகிறவர்கள் அவர்கள்தான். ஹம்பியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விருபாபுர கட்டியில் விடுதிகள் நடத்தியவர்களைக் கேட்டால் தெரியும். அங்கே வரிசையாக விடுதிகள், ஏறுகிறவர்களுக்குப் பாட் வாடகை என்று ஒரு பிழைப்பே ஓடியது. பாரம்பரியப் பகுதியில் சட்டவிரோதக் கட்டடம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்ன பிறகு அவை இடிக்கப்பட்டன. தவறு ஏறியவர்களுடையது அல்ல, ஆனால் வந்து ஏறிவிட்டுப் போனவர்கள் எதையும் இழக்கவில்லை.

உங்கள் இரண்டு நண்பர்களுக்கு நடுவில் நீங்கள் நீதிபதியாக உட்கார வேண்டாம். இருவரும் குழுவில் எழுதுவதை நிறுத்தட்டும். எழுத்தில் எல்லாருமே வீரர்கள். ஒரு வார நாளில், கூட்டம் இல்லாதபோது, இருவரையும் கூட்டிக்கொண்டு குன்றுக்குப் போங்கள். பெங்களூர் நண்பர் கையில் ஒரு சாக்குப் பை கொடுத்துப் பாதையில் கிடக்கும் டேப், பாட்டில், பிஸ்கட் உறைகளைப் பொறுக்கச் சொல்லுங்கள், தன் கூட்டம் போட்டதை அவர் குனிந்து எடுக்கட்டும். ஊர்க்கார நண்பரிடம் சிவப்புத் துணியைக் கொடுங்கள், தான் கழற்றிய ரூட்டைத் தானே மூடட்டும். பிறகு மூன்று பேருமாக ஊருக்குள் போய் டீ குடித்துவிட்டு, பெரியவர்களிடம் வண்டி எங்கே நிறுத்தலாம் என்று கேளுங்கள். பேசுவது ஊர்க்கார நண்பராக இருக்கட்டும். பெங்களூர்க்காரர் அன்றைக்குக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும், அவருக்கு அது கடினம்தான்.

அந்த வெள்ளை உருவங்களின் படங்களை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தை கழிந்து ஓசூர் பக்கம் வருவேன், போல்டுகளை நேரில் பார்க்கலாம். வண்டியைப் பேருந்து நிறுத்தத்திலேயே விட்டுவிட்டு நடந்து வருகிறேன்.